லென்ஸைப் பார்க்கும் முகம்

சினிமாவில் நடிக்க வருகிறவருக்கு முதலில் சொல்லப்படும் விதி, கேமராவைப் பார்க்காதே என்பது. யூட்யூபிலோ டிக்டாக்கிலோ பேர் வாங்கினவருக்கு அந்தப் பார்வைதான் மூலதனம். செல்போனை நேராகப் பார்த்து, நம்மை 'நீங்க' என்று விளித்து, சொந்தப் பேரில் பேசிப் பழகியவர். கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தோடு பேசுவானில்லையா, கிட்டத்தட்ட அந்த உறவு. எனவே இணையத்திலிருந்து சினிமாவுக்குப் போவதை 'அடுத்த கட்டம்' என்பதை நான் ஏற்கவில்லை. இரண்டும் வெவ்வேறு சொல்லாடல்கள். போகும்போது எது கைமாறுகிறது, எது வாசலில் நிறுத்தப்படுகிறது என்றுதான் பார்க்கணும்.

ஹிப்ஹாப் ஆதியின் 'மீசைய முறுக்கு' (2017) யூட்யூப் இளைஞர்கள் பலரை நாயகனைச் சுற்றி நிறுத்தியது. பின்தொடர்கிறவர்களின் எண்ணிக்கையை டிக்கெட்டாக மாற்றலாம் என்கிற கணக்கு கோடம்பாக்கத்துக்கு உண்டு. தினமும் சும்மா கிடைக்கிற முகத்தைக் காசு கொடுத்துப் பார்க்க யார் போவாங்க? ஆனாலும் விளம்பரத்துக்கு உதவும் என்பதால் நாலு வசனத்தோடு ஒரு நண்பன் வேடம் கிடைத்துவிடும்.

ஜி.பி. முத்துவை எடுத்துக்கொள்வோம். உடன்குடிக்காரர், மரவேலை செய்தவர். டிக்டாக்கை 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆபாசத்தைக் காரணம் காட்டித் தடுத்து, அதே மாதம் தடையை விலக்கியது. 2020 ஜூன் 29இல் ஒன்றிய அரசு 59 செயலிகளைத் தடை செய்தபோது அது ஒரேயடியாகப் போயிற்று. முத்து யூட்யூபில் தனக்கு வரும் கடிதங்களைப் பிரித்துப் படித்தார். சீண்டி எழுதியவனைத் திரும்பத் திட்டினார். இதை வெறும் கோமாளித்தனம் என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: கேலி செய்யப்படுகிற ஆள் அங்கே பதில் சொல்கிறான், அதுவும் அவனுடைய ஊர்ப்பேச்சில், அவனே கேமராவை வைத்துக்கொண்டு. 2022இல் பிக் பாஸ், அதே வருடம் 'ஓ மை கோஸ்ட்'. சினிமாவுக்கு அந்த முகமும் பேச்சின் சாயலும் போதும். பதில் சொல்லும் உரிமை ஒப்பந்தத்தில் கிடையாது. வசனம் வேறொருவர் எழுதுவது, வெட்டுவது இன்னொருவர்.

கோவை நக்கலைட்ஸ் போன வழி வேறு. அரசியல் நக்கலில் தொடங்கி, 'அம்முச்சி' (2020) மாதிரியான குடும்பக் கதைகளுக்கு வந்தவர்கள். அவர்களில் பிரசன்னா பாலச்சந்திரன், பெருமாள்முருகனின் 'வறுகறி' கதையிலிருந்து உருவான 'சேத்துமான்' (2022) படத்தில் நடித்தார். 2025 ஜனவரியில் வந்த 'குடும்பஸ்தன்' அக்குழுவின் ராஜேஷ்வர் காளிசாமி இயக்கியது, எழுத்தில் பிரசன்னாவும் உண்டு. கொங்குப் பேச்சு அதில் அலங்காரமாக ஒட்டப்படவில்லை; சண்டை, கடன், மானம் எல்லாம் அந்தப் பேச்சுக்குள்ளேயே நடக்கின்றன. எழுதுகிற கை கூடவே போனதுதான் காரணம் என்று நினைக்கிறேன். தனியாகப் போகிற முகத்துக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்படியும் எல்லை எங்கே இருக்கிறது பாருங்கள். நாயகன் மணிகண்டன், சினிமாவில் ஏற்கெனவே நிலைபெற்றவர். சாதி கடந்து மணமுடித்து வருகிற வெண்ணிலாவாக நடித்தவர் தெலுங்குப் படங்களிலிருந்து வந்த சான்வி மேகனா. செல்போன் முன்னால் நின்று தன் நிறத்தோடும் உடம்போடும் ஆடின, பேசின நம்மூர்ப் பெண்களில் ஒருத்தியை அந்த இடத்தில் யோசிக்க, சினிமாவை உள்ளேயிருந்து மாற்ற வந்த குழுவாலும் முடியவில்லை.