மற்போரும் காப்பிச் சத்தும்

காப்பியிலும் தேயிலையிலும் அமைந்து, உண்டாரது அயர்வை மாற்றும் பொருளுக்குக் காஃபீன் என்பது பெயர். ரூங்கே என்னும் ஜெர்மானிய இரசாயன அறிஞர் 1819-இல் இதனைக் காப்பிக் கொட்டையினின்றும் பிரித்தெடுத்தார். ஜூடோ, மல்யுத்தம் முதலிய போர் விளையாட்டுக்களில் வல்லார் பலர் இதனை அளந்து உட்கொள்வதன் காரணத்தை ஈண்டு ஆராய்வோம்.

நாம் விழித்திருந்து உழைக்குந்தோறும் மூளையில் அடினோசின் என்னும் பொருள் பெருகுகின்றது. நரம்பணுக்களில் தனக்குரிய இடங்களிற் பொருந்தி, இளைப்பாறுமாறு உணர்த்துகின்றது. காஃபீனோ அவ்விடங்களைத் தான் கவர்ந்துகொள்ளும். ஆகவே, உடலின் சோர்வு இருந்தபடியே இருக்க, அதனை அறிவிக்கும் தூது மட்டும் தடைப்படுகின்றது. ஜூடோ வீரரிடம் நிகழ்த்திய சோதனைகள் சிலவற்றில், குறித்த காலத்துள் எதிரியை எறியும் எண்ணிக்கை சற்று மிகுந்தது.

உடல்நிறையில் கிலோ ஒன்றுக்கு 3 முதல் 6 மில்லிகிராம், போட்டிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்கு முன்னர் என்பது ஆராய்ச்சியாளர் கூறும் அளவு. 60 கிலோ நிறையுடைய வீரருக்கு இது 180 முதல் 360 மில்லிகிராம் ஆகும். கிலோவுக்கு 9 மில்லிகிராமாக உயர்த்தின், நடுக்கமும் படபடப்புமே மிகும். பிடியை நம்பி நிற்பார்க்குக் கைந்நடுக்கம் பகையன்றோ?

ஒலிம்பிக் போட்டிகளில் முன்பு இதற்கிருந்த வரம்பு 2004-இல் நீக்கப்பட்டது. சட்டம் விடுத்தாலும் உடல் விடுவதில்லை. உட்கொண்டதிற் பாதி கழியவே ஏறத்தாழ 5 மணி நேரம் செல்லும். ஒலிம்பிக் மல்யுத்தத்திலோ ஒவ்வொரு நிறைப் பிரிவும் இரண்டு நாள் நடைபெறுகின்றது. முதல் நாள் மாலையில் அருந்தியது இரவின் துயிலைக் கெடுப்பின், அன்று பெற்ற ஊக்கம் மறுநாள் வலிமையினின்று வாங்கிய கடனேயாகும்.