அந்தக் குழாய் இன்றும் தேவையா?

மிகக் குறைமாதத்தில் பிறந்த சிசுவின் குடல் பாலை ஏற்கப் பழகும்வரை, இதயத்தை ஒட்டிய பெருஞ்சிரை வரை செலுத்தப்பட்ட மெல்லிய குழாயே அதற்கு ஊட்டம் தருகிறது. குழாயின் முனை இதய அறைக்குள் நழுவினால் இதயத்தைச் சுற்றி நீர் கோத்து அழுத்தக்கூடும். அது அரிது, எக்ஸ்ரே படத்தில் முனையைக் கண்டு இழுத்துச் சரிசெய்யலாம். அன்றாட ஆபத்து கிருமித்தொற்றுதான்.

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் பணியாற்றியபோது, முழுமையாகப் பால் குடிக்கத் தொடங்கிவிட்ட ஒரு குழந்தைக்கு, ‘மறுபடி நரம்பு கிடைக்காது, இருக்கட்டும்’ என்று குழாயை விட்டுவைத்தோம். மூன்றாம் நாள் குழந்தை சோர்ந்தது. மூச்சு விட்டுவிட்டு வந்தது. காய்ச்சல் இல்லை. இவ்வளவு சிறிய உடலில் இரத்தத் தொற்று பெரும்பாலும் இப்படித்தான் தன்னைக் காட்டும். குழந்தை பிழைத்தது. அதை எங்கள் திறமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பெரும்பாலும் பெரியவர்களுக்கான நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இத்தொற்று வெகுவாகக் குறைந்ததை, மருத்துவர் பீட்டர் புரோனோவோஸ்ட் குழுவினர் 2006இல் பதிவு செய்தனர். புதிய கருவி ஏதுமில்லை: கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின், முழுத் தடுப்புத் துணி, தேவையற்ற குழாயை அகற்றுதல். விதி மீறினால் மருத்துவரையே தடுத்து நிறுத்தும் உரிமை செவிலியருக்கு இருந்தது. எனக்கு அதுவே முக்கியமாகப் படுகிறது.

இப்போது எங்கள் காலைச் சுற்றில் ‘இன்றும் தேவையா?’ என்று செவிலியரே முதலில் கேட்கிறார். நாங்கள் பதில் தேடித் தயங்கினால், அன்றே குழாய் வெளியே வந்துவிடும்.