நம் பேட்டையின் பாலர் பள்ளிகள்

சென்னையின் பல பேட்டைகளில், பள்ளிப் பருவம் எய்தாத குழந்தைகளுக்காக அரசின் செலவில் நடைபெறும் இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று அங்கன்வாடி, மற்றொன்று மாநகராட்சிப் பள்ளியின் மழலையர் வகுப்பு. உங்கள் தம்பியையோ தங்கையையோ எதில் சேர்ப்பது என்ற பேச்சு வீட்டில் எழும்போது, 'எங்கே விரைவில் எழுதக் கற்பிக்கிறார்கள்?' என்ற கேள்வியே முந்தி நிற்கிறது. அவ்வளவுகோல் பிழையானது என்பது என் துணிபு.

அங்கன்வாடி என்ற சொல் முற்றத்தைக் குறித்து எழுந்தது. தாராபாய் மோடக் அம்மையார் 1945-ஆம் ஆண்டு மும்பைக்கு வடக்கே போர்டி என்னும் சிற்றூரில் தொண்டு தொடங்கினார். பள்ளிக்கு வாராத ஏழைக் குழந்தைகளின் முற்றத்திற்கே அவர் பள்ளியைக் கொண்டு சென்றார். 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள், நாட்டின் 33 வட்டாரங்களில் மைய அரசு தொடங்கிய குழந்தை வளர்ச்சித் திட்டத்திற்கு அப்பெயரே நிலைத்தது. அத்திட்டத்தின் பணிகள் ஆறு. ஊட்டம், தடுப்பூசி, உடற்பரிசோதனை முதலியவற்றோடு கல்வியும் அவற்றுள் ஒன்று. குழந்தையை எடை பார்ப்பவரும், கர்ப்பிணியின் வீட்டுக்குச் செல்பவரும், பதிவேடு எழுதுபவரும், கதை சொல்பவரும் ஒரே பணியாளர்தாம். கதைக்கு நேரம் குறைவதில் வியப்பென்ன?

பள்ளி வகுப்பிலோ ஆசிரியருக்கு இத்தகைய பளு இல்லை. பழகிய வாயிலிலேயே குழந்தை முதல் வகுப்பிற்கும் செல்லலாம். ஆனால் முதல் வகுப்பின் வழக்கமும் கீழிறங்கி வந்துவிடுகிறது. வரிசை, மௌனம், நோட்டுப் புத்தகம்! 2019-இல் நடுநிலைப்பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளைத் தமிழக அரசு தொடங்கியபோது, இவ்விரு போக்குகளும் ஒரே கூரையின்கீழ் வந்தன.

மூன்று வயதுக் குழந்தையின் விரல்கள் எழுதுகோலுக்கு இன்னும் பக்குவப்படவில்லை. களிமண் பிசைவதும், காகிதம் கிழித்து ஒட்டுவதும், குவளையிலிருந்து நீர் ஊற்றுவதுமே அவ்விரல்களுக்கு உரம் தருவன. 1939-இல் சென்னை அடையாற்றிற்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்த மாண்டிசோரி அம்மையார், விளையாட்டுக் கருவிகள் குழந்தையின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கவேண்டும் என்றார். நம்மூரிலோ, தொலைந்தால் யார் பொறுப்பேற்பது என்று அஞ்சி அவற்றைப் பீரோவில் பூட்டிவைப்போரும் உளர்.

ஆகவே இரண்டிடத்திற்கும் சென்று பாருங்கள். உணவு வேளையில் செல்லாதீர்கள்; அப்போது எல்லா இடமும் ஒன்றுபோலவே தோன்றும். காலை பத்து மணிக்கு மேல், தலைமையாசிரியரிடமோ பணியாளரிடமோ இசைவு பெற்று, அரைமணி நேரம் ஓரமாக நில்லுங்கள். பேசுவது ஆசிரியரா, குழந்தைகளா என்று கவனியுங்கள். பீரோவின் சாவி எங்கே இருக்கிறது என்பதையும் பாருங்கள்.