எம்ஜிபி காரில் பெட்ரோல் கசிகிறதா? முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள்

எம்ஜிபி காரின் பானெட்டைத் திறந்தால் எஞ்சினின் இடப்பக்கத்தில் இரண்டு எஸ்யு கார்புரேட்டர்கள் அடுத்தடுத்து இருப்பதைப் பார்க்கலாம். அவற்றுக்கு நேர் கீழே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட். இந்த எஞ்சினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வழியும் புகை வெளியேறும் வழியும் ஒரே பக்கத்தில் அமைந்தவை. இடையில் ஒரு தகரத் தடுப்பு மட்டும் உண்டு. ஆகவே இந்தக் காரில் கார்புரேட்டர் கசிந்தால் வீணாகும் பெட்ரோலைவிடத் தீப்பிடிக்கும் அபாயமே பெரிய கவலை. கசிவு தெரிந்த நேரத்திலேயே காரை நிறுத்திவிட வேண்டும்.

இங்கிலாந்தின் அபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட எம்ஜிபி கார்கள் தயாராயின. அவற்றின் 1798 சிசி எஞ்சின், பிஎம்சி நிறுவனத்தின் பி சீரிஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் ஊர் அம்பாசடரில் பல ஆண்டுகள் ஓடிய 1489 சிசி பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம்தான். முதல் பத்தாண்டு எம்ஜிபிக்களில் எச்எஸ்4 என்ற கார்புரேட்டர் இருந்தது. 1970களின் தொடக்கத்தில் எச்ஐஎஃப்4 வந்தது. பழைய கார்களில் அதிகம் காணப்படுவது எச்எஸ்4 என்பதால் அதையே இங்கே விரிவாகப் பார்ப்போம்.

பெட்ரோல் எப்படி நிற்கிறது?

கார்புரேட்டரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு கிண்ணம்தான் ஃப்ளோட் சேம்பர். வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் பந்து வால்வு செய்யும் வேலையை அதற்குள் இருக்கும் ஃப்ளோட் செய்கிறது. பெட்ரோல் ஏற ஏற ஃப்ளோட்டும் ஏறி, மூடியில் உள்ள நீடில் வால்வை அழுத்தி மூடும். கிண்ணத்தின் அடியிலிருந்து ஒரு நைலான் குழாய் பெட்ரோலை ஜெட்டுக்குக் கொண்டுபோகிறது. கிண்ணத்திலும் ஜெட்டிலும் பெட்ரோல் ஒரே மட்டத்தில் நிற்கும்.

இந்த மட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் கசிவின் காரணத்தைப் பாதி கண்டுபிடித்த மாதிரி. மட்டத்துக்கு மேலே கசிந்தால் பெட்ரோல் அளவு மீறி ஏறுகிறது என்று பொருள். நீடில் வால்வையோ ஃப்ளோட்டையோ பார்க்க வேண்டும். மட்டத்துக்குக் கீழே கசிந்தால் ஏதோ ஓர் இணைப்போ சீலோ விட்டுவிட்டது. கார் நின்றிருக்கும்போதும், கிண்ணம் காலியாகும்வரை சொட்டிக்கொண்டே இருக்கும்.

கண்டுபிடிக்கும் முறை

எஞ்சின் முழுவதும் ஆறியிருக்க வேண்டும். மூடிய கேரேஜில் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையிலும் குழியிலும் தங்கும். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

கார்புரேட்டர்களைத் துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்யுங்கள். காரின் பின்பக்கத்தில் உள்ள எஸ்யு மின்பம்பு டக் டக் என்று வேகமாக அடிக்கும். இரண்டு கிண்ணங்களும் நிரம்பியதும் அடிப்பது நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் பெட்ரோல் எங்கோ வெளியே போகிறது. (டேங்க் காலியாக இருந்தாலும் இப்படி அடிக்கும், அதை முதலில் பார்த்துவிடுங்கள்.) இப்போது வெள்ளை டிஷ்யூ காகிதத்தால் ஒவ்வோர் இணைப்பையும் மேலிருந்து கீழாகத் தொட்டுப் பாருங்கள். முதலில் நனையும் இடம்தான் கசிவின் தொடக்கம். கீழே சொட்டும் இடத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. பெட்ரோல் உலோகத்தின் மேல் வழிந்து வேறிடத்தில் சொட்டும்.

ஓவர்ஃப்ளோ குழாயில் வந்தால்

மூடியிலிருந்து கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகப் பெட்ரோல் ஊற்றினால் சந்தேகமே வேண்டாம், நீடில் வால்வு மூடவில்லை. பேட்டரியின் எர்த் ஒயரைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். மூடியில் மூன்று ஸ்க்ரூக்கள் இருக்கும். எந்தத் திசையில் அமர்ந்திருக்கிறது என்று ஓர் அடையாளம் போட்டுவிட்டு மூடியைத் தூக்குங்கள்.

ஃப்ளோட்டைக் காதருகே வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே திரவம் சலசலத்தால் அது பஞ்சர். கனத்துப் போய் மேலே வராது. புதியது மாற்றுவதுதான் வழி. ஃப்ளோட் நன்றாக இருந்தால் நீடிலின் கூம்பு நுனியை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மோதிரம் போல ஒரு மெல்லிய பள்ளம் சுற்றிலும் விழுந்திருந்தால் தேய்ந்துவிட்டது. நீடிலையும் அது அமரும் சீட்டையும் ஜோடியாகவே மாற்ற வேண்டும். பள்ளம் இல்லாமல் துகளோ துருவோ மட்டும் இருந்தால் சுத்தம் செய்தால் போதும். ஆனால் அந்தத் துரு டேங்கிலிருந்து வந்திருக்கும். நல்ல ஃபில்டர் ஒன்று போடாவிட்டால் ஒரு மாதத்தில் அதே வேலை திரும்பி வரும்.

மூடியைத் தலைகீழாகப் பிடித்தால் ஃப்ளோட்டின் எடை நீடிலை அழுத்தி மூடும். அப்போது நைலான் ஃப்ளோட்டின் தாழ்ந்த பகுதிக்கும் மூடியின் விளிம்புக்கும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். உலோகக் கம்பி உள்ள ஃப்ளோட்டில் கம்பியை லேசாக வளைத்துச் சரிசெய்யலாம். முழுக்க பிளாஸ்டிக்கால் ஆனதில் சீட்டுக்கு அடியில் வாஷர் வைத்துத்தான் சரிசெய்ய முடியும்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் வழிந்தால் பம்பின் அழுத்தத்தைச் சோதியுங்கள். எஸ்யு பம்பு சுமார் 3 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளாது. யாரோ இடையில் மாற்றிய வேறு பம்பு அதிகமாகத் தள்ளினால் நல்ல நீடிலும் தாங்காது.

கீழ்ப்பக்கம் சொட்டினால்

நைலான் குழாய் கிண்ணத்தின் அடியில் நுழையும் இடத்தில் ஒரு நட், ஒரு வாஷர், ஒரு சிறிய ரப்பர் சீல் இருக்கும். ரப்பர் காய்ந்து சுருங்கினால் சொட்டத் தொடங்கும். பலர் நட்டை இன்னும் இறுக்குகிறார்கள். ரப்பர் நசுங்கிக் கசிவு கூடுகிறது. சீலைப் புதிதாகப் போடுங்கள். போடும்போது குழாயின் முனை சீலைத் தாண்டி சுமார் 5 மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். பிறகு நட்டை அளவாக இறுக்கினால் போதும்.

குழாயின் மறுமுனை, அதாவது ஜெட்டின் பிளாஸ்டிக் தலையில் சேரும் இடம் கசிந்தால் ஒட்டுப் போட முயல வேண்டாம். ஜெட்டும் குழாயும் ஒரே பாகமாக வருவன. முழுதாக மாற்ற வேண்டும். முன் கார்புரேட்டருக்கும் பின் கார்புரேட்டருக்கும் ஜெட் வேறு வேறு என்பதால் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். ஜெட்டை மாற்றிய பின் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை மேலே தூக்கி விடுங்கள். ‘டக்’ என்ற ஓசையுடன் தடையின்றி விழ வேண்டும். விழாவிட்டால் ஜெட் நடுவில் அமரவில்லை. கலவையையும் மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும்.

எச்ஐஎஃப் வகையில் கிண்ணம் கார்புரேட்டரின் அடியிலேயே சேர்ந்திருப்பதால் இந்த நைலான் குழாய் கிடையாது. அதில் பெரும்பாலும் கசிவது அடிமூடியின் ரப்பர் வளையம்தான்.

முடித்த பிறகு

ஓவர்ஃப்ளோ ஆன காரில் பெட்ரோல் எஞ்சினுக்குள்ளும் இறங்கியிருக்கலாம். டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் ஆயிலை மாற்றாமல் ஓட்டாதீர்கள். நீர்த்துப்போன ஆயில் பேரிங்குகளைக் காக்காது.

இன்னொன்று, இன்றைய பெட்ரோல். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். இந்தியாவில் அது 20 சதவீதத்தை எட்டிவிட்டது. 1960களின் ரப்பர் அதற்காகச் செய்யப்பட்டதல்ல. சீல்களை மாற்றும்போதே பழைய ஹோஸ்களையும் எத்தனாலைத் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

ஒரு கார்புரேட்டர் கசிந்தால் மற்றதற்கும் அதே வயதுதான் என்பதை மறக்க வேண்டாம். இரண்டையும் ஒரே நாளில் திறந்து பாருங்கள். வேலை முடிந்ததும் சாவியை ஆன் செய்து, பம்பு அடிப்பது நின்று, காகிதம் நனையாமல் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள்.