ட்ரான்ஸ் பீட்டும் நம்ம ஊர் வயலினும்: ஹாஸ்டல் ரூமில் ஆர்க்கெஸ்ட்ரா வைப்பது எப்படி?



போன செமஸ்டர் லீவில் மூணு ராத்திரி கண் முழிச்சு ஒரு ட்ரான்ஸ் ட்ராக் பண்ணினேன். நடுவில் வயலின், செல்லோ எல்லாம் வச்சு பிரமாண்டமா இருக்கணும்னு ஆசை. எங்கப்பா போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப் டிரைவர். வண்டியில் இருபது வருஷமா இளையராஜா மட்டும்தான். விடியக்காலை போடிமெட்டு ஏறும்போது என் ட்ராக்கைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு கொண்டை ஊசி வளைவு தாண்டுறதுக்குள்ள, "என்னடா இது, கல்யாண மண்டபத்துல கீபோர்டு வாசிக்கிற மாதிரி இருக்கு?" என்று கேட்டுவிட்டு ராஜாவுக்கு மாத்திட்டார்.

கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரிதான். அந்த ட்ராக் எங்கே சொதப்பியது, எப்படிச் சரி பண்ணினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை.

ட்ரான்ஸுக்கு எதுக்கு ஆர்க்கெஸ்ட்ரா?

ட்ரான்ஸ் பெரும்பாலும் நிமிஷத்துக்கு 130 முதல் 140 பீட் வேகத்தில் ஓடும். கிக் டிரம் ஒவ்வொரு பீட்டிலும் விழும். பாதி வழியில் கிக் நின்றுவிடும். அந்த இடத்துக்குப் பெயர் பிரேக்டவுன். அங்கே மெலடி மட்டும் மெல்ல மெல்ல ஏறி, உச்சத்துக்குப் போய், கிக் திரும்ப வந்து விழும். வயலின் கூட்டம் பெரும்பாலும் இந்தப் பிரேக்டவுனில்தான் உட்காரும்.

இதற்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் சாமுவேல் பார்பரின் 'அடாஜியோ ஃபார் ஸ்ட்ரிங்ஸ்'. 1936-ல் நாலு பேர் வாசிக்கும் குவார்ட்டெட்டின் ஒரு பகுதியாக எழுதப்பட்டது. பிறகு பார்பரே அதைப் பெரிய ஸ்ட்ரிங்ஸ் குழுவுக்கு மாற்றினார். 1938-ல் டோஸ்கானினி நடத்தினார். 1999-ல் வில்லியம் ஆர்பிட்டின் சின்தசைசர் வடிவத்தை ஃபெரி கார்ஸ்டன் ட்ரான்ஸாக ரீமிக்ஸ் பண்ணினார். 2004-ல் டியெஸ்டோ தன் 'ஜஸ்ட் பி' ஆல்பத்தில் அதையே எடுத்தார். ஏன் எல்லாரும் இதையே தேடிப் போனார்கள்? அந்த மெலடி படிப்படியாக ஏறுகிறது, உச்சியில் போய் நிற்கிறது, அப்புறம் ஒரு மௌனம். ஒரு நல்ல பிரேக்டவுன் செய்வதும் அதைத்தான்!

நம்ம பக்கத்து ஊர்க்காரர்

போடியிலிருந்து தேவாரம் வழியா பஸ் ஏறினா பண்ணைப்புரம். ஏலமலையின் அடிவாரத்தில் இருக்கும் அந்த ஊர்க்காரர்தான் இளையராஜா. 1986-ஐ மட்டும் எடுத்துப் பாருங்க. அந்த வருஷம் 'ஹவ் டு நேம் இட்?' ஆல்பத்தில் கர்நாடக ராகத்தையும் பாக் பாணி ஸ்ட்ரிங்ஸையும் சேர்த்தார். அதே வருஷம் 'புன்னகை மன்னன்' படத்தில் கம்ப்யூட்டர் சீக்வென்சரை வைத்து இசையமைத்தார். ஒரு கையில் வயலின் கூட்டம், இன்னொரு கையில் மெஷின். 2005-ல் புடாபெஸ்ட் ஆர்க்கெஸ்ட்ராவோடு திருவாசகம், 2025 மார்ச் 8-ல் லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு 'வேலியன்ட்' சிம்பொனி. அவர் ட்ரான்ஸ் பண்ணவில்லை. ஆனால் நமக்கு வேண்டிய முதல் பாடம் அவரிடம்தான் இருக்கிறது.

தப்பு 1: கார்டை அப்படியே அமுக்குவது

நான் மூணு விரலால் கார்டு அமுக்கி, அதையே காப்பி பேஸ்ட் பண்ணி வச்சிருந்தேன். அதுதான் 'கல்யாண மண்டபம்'. ஆர்க்கெஸ்ட்ராவில் கார்டு என்று தனியாக ஒன்று கிடையாது. ஒவ்வொரு வாத்தியமும் தனக்கென்று ஒரு பாட்டு பாடுகிறது, அவை சந்திக்கும் இடம்தான் கார்டு. ராஜாவின் ஸ்ட்ரிங்ஸைக் கவனித்தால் ஒவ்வொரு குரலையும் தனியாக முணுமுணுக்க முடியும்.

ஏ மைனர், எஃப் மேஜர், சி மேஜர், ஜி மேஜர் என்ற வழக்கமான ட்ரான்ஸ் வரிசையை எடுத்துக்கொள்வோம். இப்படிப் பிரிங்க:

- வயலின்: ஈ, எஃப், ஈ, டி
- வயோலா: சி, சி, சி, பி
- செல்லோ: ஏ, ஏ, ஜி, ஜி

எந்த வாத்தியமும் ஒரு ஸ்வரத்துக்கு மேல் தாவவில்லை. இதை மூணு தனி ட்ராக்கில் வையுங்க. அதே கார்டுதான், ஆனால் ஆள் வாசிக்கிற மாதிரி ஆகிவிடும்.

தப்பு 2: லேட்டா வரும் வில்

138 பீட் வேகத்தில் ஒரு பீட் 60,000 ÷ 138, அதாவது சுமார் 435 மில்லி செகண்ட். அதில் கால் பங்கு 109 மில்லி செகண்ட். வயலின் வில் மெதுவாக இழுக்கும் சாம்பிளில் சத்தம் முழுசா வரவே 100 மில்லி செகண்ட் ஆகலாம். அப்போ கட்டத்தில் சரியாக வைத்த நோட்டும் காதுக்குக் கால் பீட் லேட். பிரேக்டவுனில் தெரியாது, கிக் வந்ததும் இழுக்க ஆரம்பிக்கும். தீர்வு: அந்த ட்ராக்கை முழுசா முன்னாடி நகர்த்துங்க. வேகமான பேட்டர்னுக்கு நீட்டு சாம்பிளை விட்டுவிட்டு, ஸ்டக்காட்டோ, ஸ்பிக்காட்டோ மாதிரி வெட்டி வாசித்த சாம்பிளை எடுங்க.

தப்பு 3: கிக்கோடு சண்டை

வயலினின் அடி நோட்டு 196 ஹெர்ட்ஸ், வயோலா 131, செல்லோ 65, டபுள் பேஸ் 41. கிக்கின் உடம்பு 50, 60 ஹெர்ட்ஸ் பக்கம். செல்லோவும் டபுள் பேஸும் நேரா கிக் வீட்டில் போய்த்தான் உட்காருகின்றன. ஹெட்போனில் தெரியாத இந்தச் சண்டை பெரிய ஸ்பீக்கரில் கூழாகிவிடும். அதனால் பிரேக்டவுனில் எல்லாரையும் முழுசா விடுங்க. கிக் திரும்ப வந்ததும் டபுள் பேஸை நிறுத்திவிட்டு, மற்ற ஸ்ட்ரிங்ஸில் 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்க. கிக் விழும்போதெல்லாம் ஸ்ட்ரிங்ஸ் கொஞ்சம் அமுங்குகிற மாதிரி சைட்செயினும் போடுங்க.

தப்பு 4: மூச்சு விடாத நோட்டு

எல்லா நோட்டும் ஒரே வாலியூமில் இருந்தால் மெஷின்தான். மாட் வீலில் ஒரு வளைவு வரையுங்க: நோட்டு மெதுவா ஆரம்பிச்சு, வீங்கி, இறங்கட்டும். எட்டு பார் பிரேக்டவுன் என்றால் மொத்த வளைவும் ஏறிக்கொண்டே போகட்டும். ரிவெர்பில் கவனம்: நிறைய சாம்பிள்கள் பெரிய ஹாலில் பதிவானவை, எதிரொலி அதிலேயே இருக்கும். மேலே இன்னொன்று கொட்டினால் தூரத்து மலையில் கேட்கிற மைக் செட் மாதிரி ஆகிடும்.

உச்சத்தில் ஸ்ட்ரிங்ஸ் மட்டும் தாங்காது. 1996-ல் ரோலண்ட் ஜேபி-8000 சின்த்தோடு வந்த சூப்பர்சா சத்தத்தை அதே நோட்டுகளில் அடியில் சேருங்க. அகலம் சூப்பர்சாவிலிருந்து வரும், வில் உரசும் சத்தம் வயலினிலிருந்து வரும்.

காசு?

வேண்டாம். எல்எம்எம்எஸ் இலவச மென்பொருள். விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன், ஸ்பிட்ஃபயர் லேப்ஸ் ரெண்டிலும் இலவச ஸ்ட்ரிங்ஸ் உண்டு. என் லேப்டாப் 8 ஜிபி ரேம்தான். ஒரு வாத்தியம் முடிந்ததும் அதை ஆடியோவாக மாற்றிவிட்டு அடுத்ததுக்குப் போனால் ஹேங் ஆகாது.

எல்லாம் சரி பண்ணிட்டு மறுபடியும் ஜீப்பில் போட்டேன். பிரேக்டவுன் வந்தது. அப்பா மாத்தவில்லை. வயலின் ஏறி முடிக்கிற வரைக்கும் பேசாமல் ஓட்டினார். கிக் விழுந்ததும்தான் வாயைத் திறந்தார்: "வயலின் நல்லாருக்குடா. இந்த டம் டம் எப்ப நிக்கும்?"

எனக்கு அது போதும்!