சிறு வியாபாரிகளும் பங்குக் கொள்கலனும்

சீனாவிலிருந்து பத்துப் பெட்டி துணி இறக்கும் புறக்கோட்டை வியாபாரிக்கு முழுக் கொள்கலன் தேவையில்லை. பலரது சரக்குகளை ஒரே கொள்கலனில் சேர்த்து அனுப்பும் முறை இருக்கிறது. 20 அடிக் கொள்கலனின் கொள்ளளவு சுமார் 33 கன மீற்றர். அதில் தன் சரக்குக்குரிய கூலியை மட்டும் ஒருவர் கட்டுகிறார். கன மீற்றரில் அளவு, தொன்னில் எடை; இரண்டில் எது கூடுதலோ அதற்கே கூலி.

ஆனால் அவதானம் தேவை. ஒருவரது சரக்கில் பிரச்சினை என்று சுங்கம் கொள்கலனை நிறுத்தினால், மற்றவர்களின் சரக்கும் தாமதமாகும். பெருநாளுக்கு விற்கவேண்டிய துணி பெருநாள் முடிந்து வந்தால் லாபம் ஏது?

கப்பற் கூலி குறைவு என்று மட்டும் பார்க்காதீர்கள். கொழும்பில் சரக்கைப் பிரித்தெடுக்கும் கட்டணங்களையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சரக்கு பாதிக் கொள்கலனை நெருங்கினால், முழுக் கொள்கலனின் கூலியையும் விசாரித்துப் பாருங்கள்.