அடியைப் பிடித்தால் தொடை வரும்

பதினாறு சொற்கள் கலைந்து கிடக்கும். அவற்றை நான்கு நான்காக இனம் பிரிக்க வேண்டும். பி.பி.சி.யின் 'ஒன்லி கனெக்ட்' நிகழ்ச்சியில் 2008 முதல் இந்த விளையாட்டு உண்டு. 2023 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் தொடங்கிய 'கனெக்‌ஷன்ஸ்' இதைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்தது. அதில் நான்கு முறை தவறினால் ஆட்டம் முடிந்தது. தவற வைப்பவை பெரும்பாலும் பல பொருள் கொண்ட சொற்கள்தாம்.

தமிழில் ஒன்று போட்டுப் பார்ப்போம்:

கை, அடி, மா, தளை, சாண், தொடை, காணி, தோள், சீர், முந்திரி, கால், முழம், அசை, முதுகு, மாகாணி, காதம்.

மாவையும் முந்திரியையும் கண்டதும் மனம் தோப்புக்கு ஓடும். ஓட வேண்டாம். பழைய கணக்கில் முந்திரி 1/320, காணி 1/80, மா 1/20, மாகாணி 1/16. (மாவையும் காணியையும் கூட்டிப் பாருங்கள், மாகாணியே வரும்.) ஆனால் காலும் பின்னம்தானே? நான்கு இடத்துக்கு ஐந்து பேர்.

உடல் பக்கம் போனால் அங்கும் ஐந்து: கை, கால், தோள், முதுகு, தொடை. யாப்பிலும் ஐந்து: அசை, சீர், தளை, அடி, தொடை. இப்படி முட்டும்போது, ஆள் குறைந்த கூட்டத்தைத் தேடுவதே வழி. நீள அளவுகளில் சாண், முழம், காதம் என மூன்றுதான் இருக்கின்றன. நான்காவதாக அடியை விட்டால் வேறு நாதியில்லை. அடி அங்கே போனதும் யாப்பு தொடையைக் கேட்கும், தொடை போனதும் உடல் காலைக் கேட்கும். மீதி நான்கும் பின்னம்.

முதலில் மாகாணி இருக்கும் இடத்தில் 'அரை' என்று வைத்திருந்தேன். அரைஞாண் கட்டும் இடுப்பும் அரைதான் என்பது பிறகுதான் உறைத்தது. அரையை உடலுக்கும் காலைப் பின்னத்துக்கும் அனுப்பினாலும் கட்டம் நிறைந்துவிடும். இரண்டு விடை வந்தால் புதிர் செத்தது. காளமேகப் புலவரின் சிலேடையில் இரண்டு பொருளும் கடைசிவரை நிற்க வேண்டும், அதுதான் அழகு. இங்கே இரண்டாவது பொருள் ஆளை இழுத்துவிட்டு, முடிவில் விலகிக்கொள்ள வேண்டும்.

விடை எழுதும்போதும் ஒரு வம்பு உண்டு. அசை, சீர் முதலியவற்றையும் இலக்கணக்காரர்கள் 'உறுப்பு' என்றே சொல்வார்கள். 'உறுப்புகள்' என்று மட்டும் தலைப்புக் கொடுத்தால் அது எந்தக் கூட்டம் என்று கேட்பார்கள்.